ஆடாத காலுக்கு ஆரத்தி

2025 அக்டோபரில் ஒரு நாள் மருமகன் வீட்டுக்கு வந்தான். அக்கா மகன். பாளையில் கல்லூரி. வெள்ளையும் வெளிர்நீலமும் பட்டை போட்ட சட்டை. முதுகில் பத்து.

"மாமா, நவம்பர் பதினேழு கொச்சிக்குப் போறோம். மெஸ்ஸி வாராரு. நாங்க ஏழு பேரு. பாலருவியில ஸ்லீப்பர் போட்டாச்சி."

"ஆட்டத்துக்கு டிக்கெட் எடுத்தாச்சால?"

"அது இனிமத்தான் விடுவாங்க மாமா."

போகிற ரயிலுக்கு டிக்கெட் உண்டு. போய்ப் பார்க்கிற ஆட்டத்துக்குக் கிடையாது. ஆட்டமே உண்டா என்பது அதற்கும் அடுத்த கேள்வி. இந்த நாட்டுக் கால்பந்து ரசிகனின் ஜாதகத்தில் இதற்கு மேல் கட்டம் இல்லை.

பாலருவி நெல்லை ஜங்ஷனை விடும்போது இரவு பதினொரு மணி தாண்டிவிடும். சேரன்மகாதேவி, அம்பை என்று தாமிரபரணிக் கரையூர்களைத் தொட்டுக்கொண்டு தென்காசி, செங்கோட்டை போய், மலையேறி, புனலூரில் இறங்கும்போது காதில் மலையாளம் விழும். விடிந்து வெயில் ஏறுகிற நேரத்துக்கு எர்ணாகுளம். எங்கள் ஊர்க்காரனுக்குச் சென்னையைவிடக் கொச்சி பக்கம். பந்து விஷயத்தில் மனசுக்கும் பக்கம். 2022 உலகக் கோப்பையின்போது கோழிக்கோட்டுக்குப் பக்கத்தில் புல்லாவூரில் ஆற்று நடுவே மெஸ்ஸிக்குக் கட்-அவுட் நட்ட ஜனம் அது. நம் ஊரில் ஆற்றுக்குள் என்னென்ன நடுகிறார்கள், என்னென்ன கொட்டுகிறார்கள் என்பது வேறு கட்டுரை.

அக்டோபர் 25 அன்று செய்தி வந்தது. அர்ஜென்டினா நவம்பரில் வரவில்லை. ஃபிஃபா அனுமதி கிடைப்பதில் தாமதமாம். எதிரணி ஆஸ்திரேலியா என்று அறிவித்தாயிற்று. கொச்சி கலூர் அரங்கத்தைச் சீரமைக்கிறோம் என்று வேலையும் தொடங்கியாயிற்று. அனுமதி மட்டும் பாக்கி. கல்யாண மண்டபம் பிடித்து, பந்தி இலையும் போட்டுவிட்டு, பெண் வீட்டில் சம்மதம் கேட்க மறந்த கதை.

மருமகன் டிக்கெட்டை ரத்து செய்தான். ஸ்லீப்பருக்குத் தலைக்கு 120 ரூபாய் பிடித்தம். ஏழு பேருக்கு 840. அர்ஜென்டினா வராத குற்றத்துக்கு நெல்லைப் பையன்கள் கட்டிய அபராதம் அது.

இன்னொரு பயணக் கணக்கும் உண்டு. அர்ஜென்டினாவைக் கூப்பிட 2024-ல் கேரள விளையாட்டுத் துறை அமைச்சர் ஸ்பெயினுக்குப் போனார். அர்ஜென்டினா தென் அமெரிக்காவில் இருக்கிறது என்று பள்ளிக்கூட அட்லஸ் சொல்லும். அது கிடக்கட்டும். அந்தப் பயணத்துக்கு அரசு செலவு 13 லட்ச ரூபாய்க்கு மேல் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பதில் வந்தது. அமைச்சர் போய் வந்தார், ஆட்டம் நடக்கவில்லை. என் மருமகன் போகவே இல்லை, அப்போதும் ஆட்டம் நடக்கவில்லை. ஒருவருக்குப் பயணப்படி. ஒருவனுக்குப் பிடித்தம்.

மெஸ்ஸி இந்தியாவுக்கு வராமல் இல்லை. வந்தார். டிசம்பர் 13, கொல்கத்தா சால்ட் லேக் அரங்கம். ஆயிரக்கணக்கில் கொடுத்து டிக்கெட் வாங்கிய கூட்டம். அசாமிலிருந்தும் பீகாரிலிருந்தும் ரயிலேறி வந்தவர்கள் அதில் உண்டு. அவர் ஆடுகிற ஆட்டம் எதுவும் இல்லை; மைதானத்தைச் சுற்றி நடப்பார், கையசைப்பார், அவ்வளவுதான் நிகழ்ச்சி. அந்தக் கையசைப்பும் கேலரிக்குத் தெரியவில்லை. அமைச்சர், அமைச்சருடைய ஆள், ஆளுடைய ஆள், ஆளுடைய மச்சான், மச்சானின் செல்போன். நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்தில்கூடக் கடைசி வரிசைக் கிழவிக்குச் சுவாமி முகம் தெரிந்துவிடும். இங்கே மெஸ்ஸியின் உச்சந்தலை தெரியவில்லை. சுமார் இருபது நிமிடத்தில் அவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

பிறகு பாட்டில் பறந்தது, நாற்காலி பறந்தது. ஒருவர் மைதானத்துக் கார்ப்பெட்டைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார். டிக்கெட்டுக்குப் பத்தாயிரம் கொடுத்தாராம். மெஸ்ஸி கிடைக்கவில்லை, மெஸ்ஸிக்கு விரித்ததாவது மிஞ்சட்டும் என்று எடுத்துக்கொண்டார். அன்றைக்கு அந்த அரங்கத்தில் காசுக்குப் பெறுமானம் கண்ட ஒரே மனிதர் அவர்தான். எனக்கு அவர்மேல் மரியாதை.

அடுத்து நடந்தவை நமக்கு மனப்பாடம். முதலமைச்சர் மன்னிப்புக் கேட்டார். ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு. ஏற்பாட்டாளரை விமான நிலையத்தில் பிடித்தார்கள். விளையாட்டுத் துறை அமைச்சர் பதவி விலகினார். எல்லாம் முறைப்படி நடந்தது, நிகழ்ச்சியைத் தவிர. அதே ஊரில் அதே நாளில் மெஸ்ஸிக்கு 70 அடிச் சிலை திறந்தார்கள். சிலையாவது ஓடிப்போகாது என்ற முன்யோசனை இருந்திருக்கிறது.

இதே சால்ட் லேக்கில் 2011 செப்டம்பர் 2-ஆம் தேதி மெஸ்ஸி ஆடியே இருக்கிறார். அர்ஜென்டினா 1, வெனிசுவேலா 0. முழு ஆட்டம், 90 நிமிடம். பதினான்கு ஆண்டுகளில் நாம் கண்ட முன்னேற்றம் இது: அன்று ஆடினார், இன்று நடந்தார்.

கொல்கத்தாவிலிருந்து ஹைதராபாத். அங்கே முதலமைச்சரே சட்டை மாற்றிக்கொண்டு பந்து உதைத்தார். அப்புறம் மும்பை, டெல்லி. உப்பல், வான்கடே, அருண் ஜெட்லி அரங்கம். மூன்றும் கிரிக்கெட் மைதானங்கள். கால்பந்தின் கடவுளை எழுந்தருளச் செய்ய இந்த நாட்டில் கிரிக்கெட்டின் சன்னதிதான் கிடைத்தது. டெல்லியில் ஐ.சி.சி. தலைவர் அவருக்கு டி20 உலகக் கோப்பை ஆட்டத்துக்கு ஒரு டிக்கெட் பரிசளித்தார். அந்த மாதம் இந்தியாவில் ஒரு கால்பந்துக்காரர் கைக்கு வந்த டிக்கெட்டுகளில், ஆட்டம் நிச்சயம் நடக்கும் என்ற உத்தரவாதம் இருந்தது அதற்கு மட்டும்தான்.

ஏன் என்றால், அதே டிசம்பரில் இந்தியக் கால்பந்து லீக் செத்துக் கிடந்தது.

கையசைப்பதைப் பார்க்க இந்த நாட்டில் பணம் உண்டு. ஆடுவதைப் பார்க்கக் கிடையாது. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு ஐ.எஸ்.எல். என்கிற அந்த லீக்கின் உரிமையை எடுத்துக்கொள்ள ஆள் தேடி டெண்டர் விட்டது. 2025 நவம்பர் 7 கடைசி நாள். வந்த விண்ணப்பங்களின் எண்ணிக்கை பூஜ்யம். நயினார்குளம் மார்க்கெட்டில் அழுகின தக்காளிக்குக்கூட ஒருத்தன் வந்து விலை கேட்பான்.

சரி, திடீரென்று வந்த இடியா? இல்லை. 2010 டிசம்பர் 9-ஆம் தேதி கூட்டமைப்பு ஒரு ஒப்பந்தம் போட்டது. ரிலையன்ஸ், ஐ.எம்.ஜி. நிறுவனங்களோடு. 700 கோடி ரூபாய், 15 ஆண்டுகள். பத்தோடு பதினைந்தைக் கூட்டத் தெரிந்தவர்களுக்கு, அது 2025 டிசம்பர் 8 அன்று முடியும் என்று கையெழுத்து காய்வதற்கு முன்பே தெரியும். பங்குனி உத்திரம் பங்குனியில் வரும். அதற்குச் சாஸ்தா கோயிலுக்குப் போக எங்கள் ஊர்க்காரன் மாசியிலேயே வேன் பேசிவிடுவான். இவர்களுக்குப் பதினைந்து வருடம் அவகாசம் இருந்தது, வேன் பேசவில்லை. 2025 ஜூலையில் லீக்கை நிறுத்திவைத்தார்கள். ஆகஸ்டில் சென்னையின் எஃப்.சி. தன் செயல்பாடுகளை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. இரண்டு முறை சாம்பியனான அணி. கேட்டால் நீதிமன்றத்தில் வழக்கு என்றார்கள். உண்மை. அந்த வழக்கு 2017-லிருந்து நடந்தது. எட்டு வருடம் வழக்கு இருக்கிறது என்று தெரிவதற்கும் எட்டு வருடம் ஆகியிருக்கிறது.

இந்தக் கூட்டமைப்பின் சாமர்த்தியத்தைச் சும்மா குறை சொல்லக் கூடாது. 2022 செப்டம்பரில் தலைவர் தேர்தல் நடந்தது. பாய்ச்சுங் பூட்டியா நின்றார். இந்திய அணியின் முன்னாள் கேப்டன், கோல் அடிப்பதற்கே பிறந்தவர். முடிவு 33-1. ஒரு ஓட்டு அவருக்கு. இந்தியக் கால்பந்தில் இவ்வளவு பெரிய ஸ்கோர் மைதானத்துக்குள் வந்து நான் பார்த்ததில்லை. ஓட்டுப் பெட்டிக்குள் மட்டும்தான் நமக்குக் கோல் விழுகிறது. மைதானத்தில் என்ன விழுகிறது என்று 2025 நவம்பர் 18 அன்று டாக்காவில் பார்த்தோம். வங்கதேசம் 1, இந்தியா 0. 22 ஆண்டுகளில் அவர்களிடம் முதல் தோல்வி. 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பு அதற்கு முந்தைய மாதமே சிங்கப்பூரிடம் தோற்றுப் போயிருந்தது. அந்த நவம்பரில் உலகத் தரவரிசை 142. ஒரு காலத்தில், 1962-ல், ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுத் தங்கம் வாங்கிய நாடு இது.

சுனில் சேத்ரியை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது. 2018 ஜூனில் அவர் ஒரு வீடியோ போட்டார். எங்களைத் திட்டுங்கள், கிண்டல் செய்யுங்கள், ஆனால் மைதானத்துக்கு வந்து செய்யுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கூப்பிட்டார். மும்பையில் அடுத்த ஆட்டத்துக்கு டிக்கெட் தீர்ந்தது. 2026 ஜனவரியில் அவரும் மற்ற வீரர்களும் இன்னொரு வீடியோ போட்டார்கள். இந்த முறை கும்பிட்டது ஃபிஃபாவை: ஐயா, எங்களுக்கு ஒரு லீக் நடத்திக் கொடுங்கள். ரசிகனைக் கூப்பிட்டார், ரசிகன் வந்தான். நிர்வாகத்தைக் கூப்பிட்டால் சுவிட்சர்லாந்துக்குத்தான் கேட்கிறது.

இனி, ரசிகன் வந்த கதையைச் சொல்ல வேண்டும். நெல்லையிலிருந்து சென்னையின் எஃப்.சி. ஆட்டம் பார்க்கப் போவது என்பது ஒரு விரதம். 650 கிலோமீட்டர். பெரியமேட்டில் ஜவாஹர்லால் நேரு அரங்கம். பகல் பூரா ஊர் சுற்றிக் கால் வீங்கி, மாலையில் நீலச் சட்டையோடு வாசலில் நிற்பான். ஆட்டம் எத்தனை மணிக்கு? ஏழரைக்கு. யார் வசதிக்கு? டி.வி. வசதிக்கு. எழும்பூரில் நெல்லை எக்ஸ்பிரஸ் எத்தனை மணிக்கு? எட்டு மணிக்கு மேல். இடைவேளைக்கு நடுவர் விசில் ஊதுவதும் நெல்லை எக்ஸ்பிரஸ் ஊதுவதும் ஏறத்தாழ ஒரே நேரம்.

ஆகவே நெல்லைக்காரனுக்கு இரண்டு வழி. பாதி ஆட்டம் பார்த்துவிட்டு ஓடலாம். நான் ஒரு தடவை ஓடியிருக்கிறேன். எழும்பூர் நடைமேடையில் மூச்சு வாங்கும்போது மருமகன் போனில் சொன்னான், "மாமா, நீங்க போன ரெண்டாவது நிமிசம் கோலு." இல்லையென்றால் முழு ஆட்டமும் பார்த்துவிட்டுப் பஸ் பிடிக்கலாம். பஸ் நிலையம் முன்பு கோயம்பேட்டில் இருந்தது. 2023 டிசம்பர் கடைசியில் அதைக் கிளாம்பாக்கத்துக்குக் கொண்டுபோனார்கள், வண்டலூருக்கும் அப்பால். இரவு ஒன்பதரைக்குப் பெரியமேட்டிலிருந்து கிளாம்பாக்கம் போய்ச் சேருகிறவனுக்குத் தொண்ணூறு நிமிடம் ஓடிய ஆட்டக்காரனைவிடக் கால் வலிக்கும். அவனுக்காவது மருத்துவர் உண்டு, தசைக்கு ஐஸ் கட்டி உண்டு. இவனுக்குக் கிளாம்பாக்கத்துக் கொசு.

வெளிநாட்டில் என்ன செய்கிறார்கள் என்று சொன்னால் கோபம் வரும், ஆனாலும் சொல்கிறேன். இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் வெளியூர் ரசிகனுக்கு டிக்கெட் 30 பவுண்டுக்கு மேல் விற்கக் கூடாது என்று 2016-லேயே வரம்பு கட்டினார்கள். தெருவில் இறங்கிக் கத்தி வாங்கிய வரம்பு அது. ஜெர்மனியில் பல கிளப்புகளின் ஆட்ட டிக்கெட்டைக் காட்டினால் அன்றைக்கு உள்ளூர் ரயிலும் டிராமும் இலவசம். ஆட்டம் பார்க்க வருகிறவன் வீட்டுக்கும் திரும்பிப் போவான் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. நம்மவர்களுக்கு ரசிகன் என்றால் கேமரா திரும்பும்போது நீலமாகத் தெரிகிற ஒரு பொருள். கேமரா திரும்பிக்கொண்டால் ரசிகனும் இல்லை, அவனுக்கு ரயிலும் இல்லை.

தமிழ்நாட்டில் இன்னொரு அதிசயமும் நடந்தது. நீங்கள் மறந்திருப்பீர்கள், மறக்க வைத்திருப்பார்கள். சென்னை சிட்டி எஃப்.சி. என்று ஒரு அணி. பெயரில் சென்னை, ஆடியது கோயம்புத்தூர் நேரு அரங்கத்தில். கோவைக்காரர்கள் அதைத் தத்தெடுத்துக்கொண்டார்கள். 2018-19-ல் ஐ-லீக் என்ற இன்னொரு தேசிய லீக்கில் சாம்பியன். சாம்பியனுக்கு என்ன கிடைத்தது? ஐ.எஸ்.எல்.லுக்கு ஏற்றமா? அப்போது அப்படி ஒரு வழியே வைக்கவில்லை. எந்தத் தேர்வில் முதல் மதிப்பெண் எடுத்தாலும் அதே வகுப்பில் இரு என்கிற பள்ளிக்கூடம். ஏ.எஃப்.சி. கோப்பையில் ஆட இடம் கிடைத்தது. 2020 மார்ச்சில் மாலத்தீவு அணி வந்தது. சொந்த மண்ணில் ஆட்டம். எந்த மண்? அகமதாபாத். பெயர் சென்னைக்கு, ரசிகன் கோவையில், ஆட்டம் குஜராத்தில். ரசிகன் எந்த ரயிலில் ஏறுவான்? 2020-21 சீசனுக்குப் பிறகு அந்த அணி ஐ-லீக்கிலேயே இல்லை. ஒரு சாம்பியன் காணாமற்போனதற்கு யாரும் புகார்கூட எழுதவில்லை.

பெரிய ஊர்க் கதை போகட்டும், நம் ஊருக்கு வருவோம். பாளையில் வ.உ.சி. மைதானம். ஸ்மார்ட் சிட்டிப் பணத்தில், கோடிக்கணக்கில், புதுப்பித்துக் கேலரி கட்டிக் கூரை போட்டார்கள். 2023-ல் ஒரு காற்று அடித்தது. கூரை சரிந்தது. கப்பலோட்டியவர் பெயர் வைத்த மைதானம் என்பதால் கூரையைப் பாய்மரமாக நினைத்துச் செய்துவிட்டார்கள் போல. வ.உ.சி. கப்பலை ஓட்டியது வெள்ளைக்காரனுக்கு எதிராக. இவர்கள் ஓட்டியது நம் வரிப்பணத்தை. அவர் கப்பல் காற்றுக்கு நின்றது.

என் மருமகனும் அவன் கூட்டாளிகளும் பந்து ஆடுவது ஒரு காலி மனையில். மனைக்காரர் எப்போது வீடு கட்டுவார் என்று தெரியாது. ஜல்லி இறங்கினால் சீசன் முடிந்தது. யோசித்துப் பார்த்தால் ஐ.எஸ்.எல்.லும் இதே ஒப்பந்தத்தில்தான் நடக்கிறது. கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர்ப் பக்கத்துக் கடற்கரை மணலில் ஆடி மைக்கேல் சூசைராஜ் இந்திய அணி வரைக்கும் போனார். மீனவக் கிராமம் செய்ததைக் கோடிகள் செய்யவில்லை. மணலுக்கு டெண்டர் தேவையில்லை, கூரையும் சரியாது.

நீங்கள் கேட்கலாம்: இவ்வளவு தெரிந்தும் ஏன்யா போகிறீர்கள்? 2018 மார்ச் 17 என்று ஒரு நாள் இருக்கிறது. பெங்களூரு ஸ்ரீகண்டீரவா அரங்கம். பெங்களூரு அணியோடு ஐ.எஸ்.எல். இறுதிப் போட்டி. அவர்கள் ஊர், அவர்கள் கூட்டம், ஒன்பதாவது நிமிடத்திலேயே அவர்கள் அணியின் சேத்ரி கோல் அடித்துவிட்டார். அங்கிருந்து திரும்பி வந்து சென்னை 3-2 என்று ஜெயித்தது. மைல்சன் ஆல்வெஸ் என்ற தடுப்பாட்டக்காரர், பிரேசில்காரர், தலையால் இரண்டு கோல் முட்டினார். அடுத்த ஊர் அரங்கத்தில் ஒரு மூலையில் ஒடுங்கி நின்ற நீலச் சட்டைக் கூட்டம் அன்றைக்குக் கத்தியதை டி.வி.யில் கேட்டே எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதற்காகத்தான் போகிறோம். கையசைப்புக்குப் போகவில்லை. அந்தச் சத்தத்தை எந்த ஒப்பந்தத்தின் எந்த ஷரத்திலும் எழுதவில்லை. அதனால் அதை விற்கத் தெரியவில்லை, மதிக்கவும் தெரியவில்லை.

கடைசியில் லீக் வந்தது. 2026 ஜனவரி 6-ஆம் தேதி மத்திய விளையாட்டுத் துறை அமைச்சர் அறிவித்தார்: பிப்ரவரி 14-ல் தொடக்கம். 14 அணிகள், 91 ஆட்டங்கள். காதலர் தினத்தில் தொடக்கமாம். ஆறு மாதம் போனை எடுக்காதவன் ரோஜாப்பூவோடு வாசலில் நிற்கிறான்.

மருமகன் காலண்டரை எடுத்துக்கொண்டு வந்தான். அறிவித்த நாளிலிருந்து தொடங்கும் நாளுக்கு 39 நாள். ரயில்வேயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறந்துவிடும். 2024 நவம்பருக்கு முன்பு 120 நாளாக இருந்தது, பாதியாகக் குறைத்தார்கள். அப்படிக் குறைத்த பிறகும் ரயில்வேக்கு அறுபது நாள் கழித்து எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கும் என்று தெரிகிறது. கூட்டமைப்புக்கு அறுபது நாள் கழித்துக் கால்பந்து இருக்குமா என்று தெரியவில்லை. அவன் பார்த்தபோது பிப்ரவரி 14 வாரத்து நெல்லை எக்ஸ்பிரஸ் ஸ்லீப்பரில் வெயிட்டிங் லிஸ்ட்.

"என்ன மாமா செய்ய?"

"அன்ரிசர்வ்டுல நின்னுக்கிட்டுப் போல. ஆட்டத்துலயும் நின்னுக்கிட்டுத்தானே பாக்கப் போற."

ஆகவே கூட்டமைப்பின் பெரியவர்களுக்கு, நெல்லையிலிருந்து ஒரு விண்ணப்பம். உலகக் கோப்பை வேண்டாம். 70 அடிச் சிலை வேண்டாம். தரவரிசை எந்த எண்ணோ அந்த எண்ணாகவே இருந்துவிட்டுப் போகட்டும். அடுத்த சீசனில் சென்னையில் முதல் ஆட்டம் எந்தத் தேதி என்று மட்டும் சொல்லுங்கள். அறுபது நாளுக்கு முன்னால் சொல்லுங்கள். நெல்லை ஜங்ஷனில் முன்பதிவு கவுண்டர் காலை எட்டு மணிக்குத் திறக்கிறது.